மாஹேயிலிருந்து இரண்டரை மணி நேரம்

18-6-79, திங்கள்

இன்று பகல் டூட்டி. சங்கரன்கோயில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலை முழுக்க விருதுநகருக்கு மிளகாய் வத்தல் விலை, புளியங்குடிக்கு எலுமிச்சம்பழ விலை. யார் யாருக்கோ லைன் போட்டுக் கொடுத்துவிட்டு நான் மட்டும் அதே முக்காலியில். முக்காலியில் ஒரு கால் ஆடுகிறது. ஆடினால் என்ன, நாற்காலியா கொடுத்துவிடப் போகிறார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தரகர் நல்லக்கண்ணு அண்ணாச்சி காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார். புளியங்குடி மாப்பிள்ளையாம். பெயர் வெள்ளத்துரை. "மாஹேயில ஒரு ஜவுளிக் கடையில கணக்கு எழுதுதாரு. கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது" என்றார்.

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "மாஹேன்னா பாண்டிச்சேரியோட சேர்ந்த ஊருல்லா. கோழிக்கோட்டுப் பக்கம். செங்கோட்டை வழியா ரயில் ஏறினா மறுநா போயிரலாம். நெனச்சா வந்து பாத்துக்கிடலாம்."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். எனக்கு வயது இருபத்தாறு. தெருவுக்கு அது நாற்பது. நான் உள்ளே போய் அரிசி களைந்தேன்.

20-6-79, புதன்

அப்பா நம் நூல் கடைக்கு வருகிற நெசவாளர்களிடமெல்லாம் மாஹே, மாஹே என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று ஐந்தாம் வகுப்பில் ஒப்பித்ததோடு சரி. எனக்கும் அந்த ஊருக்கும் வேறு சம்பந்தம் கிடையாது.

25-6-79, திங்கள்

அக்காவிடமிருந்து கடிதம். மொரீஷியஸ் தபால் என்றால் தபால்காரரே வாசலில் ஒரு நிமிடம் நின்று கொடுப்பார். அத்தான் அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

அக்காவுக்கு மூன்றாம் மாதம். போன வருஷம் ஒன்று தங்கவில்லை, அதனால் இந்த முறை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: பம்பாய்க்கு ஆறேழு மணி நேரம் விமானம், அப்புறம் இரண்டு நாள் ரயில், அதை நினைக்கவே கூடாது. இரண்டு மூன்று மணி நேரப் பயணம் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் இடுப்பு தாங்காது. "தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர முடியாதவளா ஆயிட்டேன்ட்டி முப்பி" என்று எழுதியிருக்கிறாள். அந்த இடத்தில் மை கலங்கியிருக்கிறது. அழுதாளா, அங்கே மழையா?

அம்மா இல்லாத வீடு இது. இருந்தாலும் தாய்வீடுதானே. அப்பா கடிதத்தை மடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் இறைத்தார். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது.

2-7-79, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதினால் பிற்காலத்தில் நானே நம்பமாட்டேன்.

நல்லக்கண்ணு அண்ணாச்சி மாப்பிள்ளையின் போட்டோ கொண்டுவந்தார். மாப்பிள்ளை தன் புளியங்குடி வீட்டுக்கு அனுப்பிய உறையோடு அப்படியே வாங்கி வந்திருக்கிறார். போட்டோவில் ஒரு மனிதர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். நான் உறையைத்தான் பார்த்தேன். தபால் தலையில் ஆமை. கீழே முத்திரை: மாஹே, சீஷெல்ஸ்.

"அண்ணாச்சி, இது கேரளா இல்லயே."

"நான் எங்கனம்மா கேரளான்னு சொன்னேன்? மாஹேன்னுதானே சொன்னேன். உங்க அப்பால்லா கேரளாவுக்குக் கொண்டுபோனாரு."

அப்பா கடையில் நூல் சிட்டம் எண்ணும் குரலில் மெதுவாகக் கேட்டார்: "ஏன்வே, நான் கோழிக்கோடுன்னு சொல்லும்போது நீரு தலைய ஆட்டினீரே."

"காப்பி சூடா இருந்துது அண்ணாச்சி. ஆத்திக்கிட்டு இருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. அது இந்து மகா சமுத்திரத்தின் நடுவில் ஒரு தீவாம். அண்ணாச்சி எழுந்து போகும்போது தப்பிக்க ஒரு வார்த்தை சொன்னார்: "உங்க மூத்த பிள்ள இருக்குற மொரீஷியசுக்குப் பக்கத்துத் தீவுதான் அண்ணாச்சி. சங்கரன்கோயிலுக்கும் புளியங்குடிக்கும் உள்ள தூரம். அக்காவும் தங்கச்சியும் நெனச்ச நேரம் பாத்துக்கிடலாம்."

பக்கத்துத் தீவு.

அப்பா வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று தெரியும். நான் முந்திக்கொண்டு "யோசிச்சுச் சொல்லுதோம்" என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

3-7-79, செவ்வாய்

நான் அங்கே இருந்தால் என் வீடு அக்காவுக்குத் தாய்வீடு. இரண்டு மூன்று மணி நேரம் என்றால் டாக்டர் விடுவார். எட்டாம் மாதம் பிறக்கும் முன்னே அவளை அழைத்துக்கொள்ளலாம். நான் வெந்நீர் போட்டு ஊற்றுவேன், பிரசவ மருந்துக்குக் காயம் இடித்துக் கொடுப்பேன். இதற்காக ஒருத்தி கல்யாணம் செய்துகொள்வாளா? செய்துகொண்டால் என்ன? நகைக்காகச் செய்கிறார்கள், நிலத்துக்காகச் செய்கிறார்கள்.

இரண்டு மூன்று மணி நேரம்தானா? அதுதான் தெரியவேண்டும்.

5-7-79, வியாழன்

பள்ளிக்கூடத்து அட்லசை டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தேன். இந்து மகா சமுத்திரத்துக்கென்று ஒரு பக்கம் உண்டு. பரீட்சைக்கு வராது என்று டீச்சர் தாண்டிப்போன பக்கம். எவ்வளவு நீலம். பார்த்துக்கொண்டே இருந்தால் படுக்கலாம் போல் இருக்கிறது. மொரீஷியஸ் ஒரு எள். மாஹே அந்த எள்ளும் இல்லை. பேனாவை உதறினால் விழுகிற மாதிரி நாலைந்து புள்ளி, அதில் ஒன்று. அதில் ஒரு ஜவுளிக் கடை, அதில் ஒருவர் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார்.

கடையிலிருந்து கொஞ்சம் நூல் எடுத்துவந்து இரண்டு புள்ளிக்கும் நடுவே இழுத்துப் பிடித்தேன். மைலாக்கிப் பார்த்தால் ஆயிரத்து நூறு மைல். தப்பு என்று மறுபடி பார்த்தேன். ஆயிரத்து நூறேதான். சங்கரன்கோயில், புளியங்குடியாம்! அண்ணாச்சி கையில் கிடைக்கட்டும்.

அதே நூலின் நுனியை நம் ஊர் இருக்கவேண்டிய இடத்தில் வைத்து வடக்கே நீட்டினேன். காசிக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது.

"என்னம்மா அளக்கே?" என்றார் அப்பா.

"மாஹேக்கும் மொரீஷியசுக்கும் எவ்வளவு தூரம்னு பாக்கேன்."

"எவ்வளவு?"

"இங்கன இருந்து காசி மாதிரி."

"காசின்னா மூணு நாளு ஆகும்."

"ரயில்லப்பா. இது விமானம்."

"விமானத்துல?"

தெரியவில்லை. இந்த ஊரில் விமானத்தில் போனவர் யாரைப் போய்க் கேட்பது? தலைக்கு மேலே எப்போதாவது ஒன்று போகும், அவ்வளவுதான். அண்ணாந்து பார்க்கிறதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

12-7-79, வியாழன்

மத்தியானம் மூன்று மணிக்கு லைன் சும்மா கிடக்கும். திருநெல்வேலி எக்ஸ்சேஞ்ச் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். நாலு வருஷமாகத் தினமும் பேசுகிறோம், இதுவரை முகம் பார்த்ததில்லை. "மாஹேயில இருந்து மொரீஷியஸ் போக விமானத்துல எத்தனை மணி நேரம்? நீ மதுரையில கேளு. மதுரை மெட்ராசைக் கேக்கட்டும், மெட்ராஸ் பம்பாயைக் கேக்கட்டும்."

"என்னட்டி, திடீர்னு விமானம்?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குத ஆளைப் பாரு" என்றாள். ஆனால் கேட்கிறேன் என்றாள்.

14-7-79, சனி

பதில் வந்துவிட்டது. மாஹேயில் விமான நிலையமே கிடையாதாம். மங்களூர் போகிற ரயிலில் ஏறி வழியில் இறங்கிக்கொள்ள வேண்டுமாம். அங்கிருந்து மொரீஷியஸ் போகிறவர்கள் யாரையும் மெட்ராசுக்குத் தெரியாதாம்.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். இந்த நாட்டில் மாஹே என்றால் எல்லோரும் அப்பாதான். "அது வேற மாஹே. நடுக்கடல்ல இருக்குத மாஹே. சீஷெல்ஸ்" என்று எழுத்தெழுத்தாகச் சொல்லி மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

19-7-79, வியாழன்

இரண்டரை மணி நேரம். காற்று எதிர்த்து அடித்தால் பத்து நிமிஷம் கூட.

நாலு ஊர் வாய் தாண்டி வந்தது இந்தப் பதில். ஸ்டெல்லா சொன்னதும் நான் அதை ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். "லைன்ல இருக்கியா?" என்றாள்.

திருநெல்வேலி பஸ் ஒழுங்காகப் போனால் இரண்டு மணி நேரம். வழியில் டயர் பஞ்சரானால் இரண்டரை. பஞ்சரான பஸ்சில் காசிக்குப் போகிற மாதிரி. எதை நம்புவது, தூரத்தையா நேரத்தையா? தூரத்தை நினைத்தால் அட்லசை மூடிப் பெட்டிக்குள் வைத்துவிடத் தோன்றுகிறது. நேரத்தை நினைத்தால் இப்போதே எழுந்து செருப்பை மாட்டலாம் போல் இருக்கிறது.

கண்ணை மூடினால் கீழே நீலம், மேலே நீலம். நடுவே அக்கா ஜன்னலோரம் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வருகிறாள். எனக்கு இன்றைக்கு வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

29-7-79, ஞாயிறு

ஆடித்தபசுக்குக் கொடி ஏறிவிட்டது. கோமதியம்மன் கோவிலில் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆடிச்சுற்று சுற்றுகிறார்கள். அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாளே, நாம் நடக்கவாவது செய்வோம் என்று. நானும் நூற்றியொன்று நேர்ந்துகொண்டேன், அக்காவுக்காக.

இருபது முப்பது வரைக்கும் எண்ணிக்கை இருந்தது. அப்புறம் கால் தானாக நடந்தது. பிராகாரத்துக் கல் மழையில் நனைந்து வழுவழுவென்று இருந்தது. முன்னால் போகிறவளின் ஈரப் பின்னல், பின்னால் வருகிறவளின் கொலுசு. நான் கோவிலைச் சுற்றுகிறேனா, தண்ணீர் மேல் போகிறேனா என்று ஒரு கட்டத்தில் தெரியவில்லை. ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே கொண்டுபோய் விடும் என்று நினைத்தேன். அங்கே என்றால் எங்கே? மாஹேயா, மொரீஷியசா? அம்மனுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

8-8-79, புதன்

தபசுக் காட்சி முடிந்துவிட்டது. ரத வீதியில் ஜனங்கள் அம்மனுக்குச் சூறைவிட்டு வாரி இறைத்த பருத்தியும் மிளகாய் வத்தலும் கால் வைக்கிற இடமெல்லாம் கிடக்கிறது. போகிற வருகிறவர்கள் எல்லாம் தும்முகிறார்கள்.

அந்தத் தும்மலுக்கு நடுவே மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஆடியில் பெண் பார்க்கக் கூடாது. ஆனால் சாமி கும்பிட வந்த இடத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்டால் குற்றமில்லை என்பது நல்லக்கண்ணு அண்ணாச்சியின் சட்டம். கோவில் நாகசுனைக் குளத்துப் பக்கம் தற்செயலாக நான், தற்செயலாக அப்பா, தற்செயலாக அவர். நாலு வருஷத்துக்கு ஒரு முறை அவருக்கு ஆறு மாத லீவாம்.

போட்டோவில் இருந்ததைவிடக் கறுப்பு. நிதானமாகப் பேசுகிறார். ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது வருவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. அப்பா கொஞ்சம் தள்ளிப் போனதும் நான் கேட்டேன்.

"மொரீஷியசுக்கு உங்க ஊர்ல இருந்து தினமும் விமானம் உண்டா?"

"தினமும் கிடையாது. வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு போகும்."

"ரெண்டரை மணி நேரம்தானே?"

"அப்படித்தான் சொல்லுதாங்க. நான் போனதில்ல."

"கர்ப்பிணிய ஏத்துவாங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நீங்க என்னக் கட்டிக்கிடப் போறீங்களா, மொரீஷியசையா?"

கோபமாகக் கேட்கவில்லை. உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் வத்தல் நெடி ஏறித் தும்மிவிட்டேன். அவரும் தும்மினார்.

போகும்போது ஒன்று சொன்னார். அந்தத் தீவில் மலையைவிட்டால் சமதரை கிடையாதாம். கடலைத் தூர்த்துத்தான் விமான நிலையம் கட்டியிருக்கிறார்களாம். இறங்கும்போது கடைசி வரைக்கும் தண்ணீரிலேயே இறங்குகிற மாதிரிதான் இருக்குமாம். "பயந்துராதீங்க. கடைசி நிமிசத்துல தரை வந்துரும்."

12-8-79, ஞாயிறு

கடைசி நிமிஷத்தில் தரை வந்துவிடும்.

19-8-79, ஞாயிறு

ஆவணி பிறந்ததும் முறைப்படி பெண் பார்க்க வந்தார்கள். கேசரியில் முந்திரி தீய்ந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு அப்பா கேட்டார்: "உங்க அக்காவுக்காகச் சொல்லுதியா?"

"ஆமா."

"அந்தப் பையனப் பிடிச்சிருக்கா?"

"கெட்டவர் மாதிரித் தெரியல."

அப்பா கேசரித் தட்டுகளை எடுத்துக் கழுவப் போட்டார். அவருக்கு இரண்டு பிள்ளைகளும் கடலுக்கு அந்தப் பக்கம். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நான் கல்நெஞ்சக்காரியா? அக்காவை நினைத்தால் அப்பாவை விடவேண்டியிருக்கிறது, அப்பாவை நினைத்தால் அக்காவை. தராசில் வைத்துப் பார்த்தேன், அக்கா பக்கம் தாழ்கிறது. வயிற்றுப்பிள்ளையோடு இருக்கிறாள் அல்லவா.

5-9-79, புதன்

நிச்சயதார்த்தம் முடிந்தது. ஐப்பசியில், தீபாவளி கழித்துக் கல்யாணம். அது முடிந்து பத்துப் பதினைந்து நாளில் கிளம்பினால் அக்காவுக்கு எட்டாம் மாதம் பிறக்கும் முன்னே அவளை மாஹேக்கு வரவழைத்துவிடலாம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. விசாரிக்க வந்த போலீஸ்காரர் "மாஹே போறதுக்கு எதுக்கும்மா பாஸ்போர்ட்?" என்றார். அப்பாவே அவருக்கு அட்லசைக் காட்டி விளக்கினார். இப்போது அப்பா அந்த விஷயத்தில் பண்டிதர்.

இன்று மாப்பிள்ளை சொல்லித் தெரிந்தது: மாஹேயிலும் மொரீஷியசிலும் ஒரே நேரமாம். கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். நம் ஊர்தான் ஒன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. நான் எழுந்து கோலம் போட்டு, குளித்து, முக்காலியில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அக்காவுக்கு விடிகிறது. இத்தனை நாளாக அவள் தூங்குகிற நேரத்தில்தான் நான் அவளை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். இனி இரண்டு பேருக்கும் ஒரே விடியல். இதை எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

27-9-79, வியாழன்

அப்பா படுத்துவிட்டார். எழுதுகிறேன்.

மத்தியானம் ஸ்டெல்லா லைனில் வந்தாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "சங்கரன்கோயில், ஓவர்சீஸ் கால் வருது. ஆள் பேரு முப்பிடாதி. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்."

நான்தான் ஆப்பரேட்டர், நான்தான் பார்ட்டி. யாருக்கு யாரை இணைப்பது? காதில் கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல்:

"ஏட்டி முப்பி."

இரண்டு வருஷமாகிறது அந்தக் குரலைக் கேட்டு. ஆயிரம் பேருக்கு ஹலோ சொன்னவள், அக்காவுக்குச் சொல்ல முடியவில்லை.

"ஏட்டி, கேக்குதா? நாங்க ஊருக்கு வாரோம்ட்டி. வேற டாக்டரம்மா பாத்தாங்க. எல்லாம் நல்லாருக்கு, தாராளமா போகலாம்னுட்டாங்க. அத்தானுக்கும் இங்கன வேலைக்காலம் முடிஞ்சிட்டு. இனி இங்கன இல்ல. டிக்கெட் எடுத்தாச்சு. பிள்ள நம்ம வீட்லதான்ட்டி."

"அக்கா" என்றேன். அதற்கு மேல் அழுகைதான். அவளும் அழுதாள். மூன்று நிமிஷத்தில் பாதி அழுகையிலேயே போனது. லைன் விழுந்த பிறகும் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "யாரு?" என்றேன். "மதுரை" என்றது ஒரு குரல். "நானும் இருக்கேன்" என்றாள் ஸ்டெல்லா.

வீட்டுக்கு ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரித்தார், கண்ணைத் துடைத்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

28-9-79, வெள்ளி

இனி மாஹேயில் எனக்கு என்ன வேலை?

6-10-79, சனி

காலையில் கொல்லம் மெயிலில் அக்காவும் அத்தானும் வந்து இறங்கினார்கள். வயிறு முன்னால், அக்கா பின்னால். பிளாட்பாரத்திலேயே என் தலையைக் கோதிவிட்டாள். மெலிந்துவிட்டேனாம். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்களைப் பார்க்காமல், முன்னால் நடந்தார்.

வீடு நிறைந்துவிட்டது. எனக்குத்தான் உட்கார இடம் இல்லாத மாதிரி.

8-10-79, திங்கள்

அக்காவோடு சண்டை. வந்து மூன்றாம் நாளே.

நான் எதற்கு ஒத்துக்கொண்டேன் என்று அப்பா அவளிடம் சொல்லிவிட்டார். "எனக்காகவாட்டி சரின்னு சொன்ன? கிறுக்கியாட்டி நீ? நான்தான் வந்துட்டேனே. இப்பவே ஆள் அனுப்பி வேண்டாம்னு சொல்லு" என்றாள்.

"உனக்காகன்னு உன்கிட்ட வந்து சொன்னனா?"

"அப்ப எதுக்கு?"

எழுந்து போய்விட்டேன். அப்பா பின்னாலேயே வந்தார். "வேண்டாம்னா சொல்லு தாயி. அவங்ககிட்ட நான் பேசிக்கிடுதேன். நாலு பேரு நாலு சொல்லத்தான் செய்வாங்க, சொல்லட்டும்."

போகவேண்டிய காரணம் போய்விட்டது. போகவேண்டும் என்கிற நினைப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது. இது என்ன? அந்த நீலத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா? மொரீஷியஸ் என்ற புள்ளியைக் கைவைத்து மறைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தேன். மாஹே அங்கேயே இருந்தது.

10-10-79, புதன்

அவர் வந்தார். அண்ணாச்சி இல்லாமல் தனியாக, பஸ்சில். கையில் ஒரு பை எலுமிச்சம்பழம், அக்காவுக்கு. கூடத்தில் எல்லோரும் இருக்கும்போதே, அதே நிதானத்தில் சொன்னார்:

"உங்க அக்கா வந்துட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நீங்க சரின்னு சொன்னது எதுக்குன்னு எனக்குத் தெரியும். இப்ப அந்தத் தேவை இல்ல. வேண்டாம்னு நெனச்சா சொல்லிருங்க. எனக்கு வருத்தமா இருக்கும், கோவம் இருக்காது. எங்க வீட்ல நானே பேசிக்கிடுதேன்."

அத்தான் விசிறியை எடுத்துத் தனக்குத்தானே வீசிக்கொண்டார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. வருத்தமாக இருக்கும் என்று சொன்னாரே, அந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் தடுமாறியது.

"நீங்க இருக்குத வீட்ல ஜன்னல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்று கேட்டேன்.

"கடலப் பாத்து ஒண்ணு. மலையப் பாத்து ஒண்ணு. மலைப்பக்கம் லவங்கப்பட்டை மரம் நிக்கி. மழை பேஞ்சா வீடெல்லாம் அந்த வாசம்."

"அடுப்படி?"

"சின்னது. நான் ஒருத்தன்தானே. பெருசாக்கிக்கிடலாம்."

"தண்ணி?"

"மலையில இருந்து குழாய்ல வருது. நல்ல தண்ணி."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மோந்துகொண்டு, "அப்பா, மாப்பிள்ளைக்குச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லவா?" என்றாள்.

2-11-79, வெள்ளி

நேற்றுக் கல்யாணம். முகூர்த்த நேரத்தில் மழை. நல்லக்கண்ணு அண்ணாச்சி மூன்று பந்தியில் சாப்பிட்டார். ஸ்டெல்லா வந்திருந்தாள். நான் நினைத்துவைத்த முகம் இல்லை. குரலைக் கேட்ட பிறகுதான் கட்டிக்கொண்டேன்.

9-11-79, வெள்ளி

எக்ஸ்சேஞ்சில் கடைசி நாள். மத்தியானம் மூன்று மணிக்கு மதுரை, மெட்ராஸ் எல்லோரும் ஒரே லைனில் வந்தார்கள். "எந்த மாஹேன்னு கேட்டு ஏறு" என்றது மெட்ராஸ்.

14-11-79, புதன்

நாளைக் காலை ரயில். பெட்டி கட்டியாயிற்று. அவர் புளியங்குடிக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறார். அக்கா காலை நீட்டி உட்கார்ந்து என் சேலைகளை மடிக்கிறேன் என்று அழுதுகொண்டிருக்கிறாள். அழாதே என்றால் வயிற்றைக் காட்டி, "நான் இல்ல, இது" என்கிறாள்.

சாயங்காலம் அப்பா அடுப்படியில் புளிக்காய்ச்சல் கிண்டிக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு வெளியூர்ப் பயணம் என்றால் கட்டுச்சோறு அவர் பொறுப்பு. கரண்டியை எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:

"எத்தனை வேளைக்குக் கட்டணும்மா?"

சொல்ல வாயெடுத்தேன். மெட்ராசுக்கு ஒரு ராத்திரி. அங்கிருந்து பம்பாய். பம்பாயில் இரண்டு நாள் தங்கவேண்டும் என்றார். அப்புறம் விமானம். அது எத்தனை மணி நேரம்? எனக்குத் தெரியவில்லை. மாஹேயிலிருந்து மொரீஷியசுக்கு எத்தனை மைல், எத்தனை மணி நேரம், காற்று எதிர்த்தால் எவ்வளவு கூட, எல்லாம் எனக்கு மனப்பாடம். இந்த அடுப்படியிலிருந்து மாஹேக்கு எவ்வளவு தூரம் என்று ஒரு நாளும் நான் நூல் பிடித்துப் பார்க்கவில்லை.

"தெரியலப்பா" என்றேன்.

அப்பா கொஞ்ச நேரம் கிண்டினார். எண்ணெய் பிரிந்து வந்தது.

"சரி, கொஞ்சம் கூடவே கட்டிருதேன்" என்றார்.